மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

3 ஒக்டோபர் 2003, வெள்ளி

விடியலிலிருந்து மழை. ஸ்பிரிங்வெளி மலை தெரியவே இல்லை. பாடசாலையில் சரஸ்வதி பூசை. அவல், சுண்டல், புத்தக அடுக்கு. இந்த முறை எங்கள் ஒரே கம்ப்யூட்டருக்கும் பொட்டு. அதோடு விட்டிருக்கலாம். யாரும் இல்லாத நேரம் பார்த்து, செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரையும் தாராளமாகத் தெளித்தேன். பெட்டியின் பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருப்பது அப்போது நினைவில் இல்லை.

6, திங்கள்

சுவிட்சைப் போட்டேன். உயிரே இல்லை. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் முறை வைத்துக் காத்திருக்கிறது. பாடசாலை அதிபரிடம் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"உதைக் கழிச்சு எழுதிப்போட்டுப் பள்ளத்துக்குள்ள தள்ளிவிடுங்கோ, பிள்ளை. வேற கேப்பம்."

வேறு எங்கே வரும்? இது வரவே எத்தனை வருடம்! பழைய பிரிண்டரையும் அப்படித்தான் தள்ளினோம். மழையில் மை கரைந்து, கீழே தோட்டத் தொழிலாளர் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வந்தது. ஓர் அம்மா குடத்தோடு வந்து, "இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா டீச்சர்?" என்றார். இன்னும் காதில் இருக்கிறது. அதிபரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன்.

7, செவ்வாய்

ராசு அண்ணன் மகளைக் கூட்டிப்போக வந்தார். தேயிலைத் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டுபவர். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. அதுவே பெரிய உதவி.

"நனஞ்சதுதானுங்களே டீச்சர்? மூடியக் கழட்டிக் குடுங்க. கொழுந்து வாட்டுற எடத்துல மூணு நாள் வைக்கிறேன். சூட்டுக் காத்து வந்துக்கிட்டே இருக்கும்."

சாக்கில் சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டு போனார், மழையில்.

9, வியாழன்

மழை. கரும்பலகைச் சோக்கட்டி முடிந்தது. குடைக்கம்பி கட்ட வேண்டும். வேறொன்றும் ஓடவில்லை.

10, வெள்ளி

வந்தது! உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த இலையை ஊதிவிட்டு சுவிட்சைப் போட்டோம். திரை வெளிச்சமானது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரைத் தகரமே அதிர்ந்தது. அறை முழுக்கத் தேயிலை வாசம். ராசு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. வாழ்நாளுக்கும் மறக்கமாட்டேன், அண்ணே. பிரிண்டரையும் நாளை பள்ளத்திலிருந்து தூக்கித் தருகிறாராம்.

மனம் லேசானதால் அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"உங்களுக்கு முதலே நானும் ஒரு செம்பு தெளிச்சனான், பிள்ளை."