தண்ணீரை நிற்க வைத்தோம்

அன்பு மகளே,

சித்தப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், ஆடு சுகம், கூரையும் இன்னும் மேலேதான் இருக்கிறது. அந்தத் தையல் ஆலையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று சித்தி கேட்கச் சொன்னாள்.

உன் பங்குச் சரிவு நிலத்தைச் செங்கல் சூளைக்காரருக்கு மண் எடுக்கக் கொடுக்கப் போவதாகவும், அவர் வந்தால் சுற்றிக் காட்டும்படியும் எழுதியிருந்தாய். காட்டினேன். அதைச் சொல்லும் முன் வேறொரு கதை இருக்கிறது. கோபப்படாமல் உட்கார்ந்து படி.

இங்கே விவசாயம் சொல்லித்தர ஓர் அதிகாரி அம்மா வருகிறார். எந்நேரமும் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் பூட்ஸம்மா. இவ்வளவு விவரமான விவசாயியைத் தான் கண்டதே இல்லை என்று என்னைப் பார்த்ததும் சொன்னார். வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வீடு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து, நிலம் இப்போது எப்படி இருக்கிறது, இனி எப்படி இருக்க வேண்டும் என்று பெரிய தாளில் வரைய வேண்டுமாம். நான் ஒரு மாடி வீடும் அதன் முன்னால் குதிரைமேல் என்னையும் வரைந்தேன். சித்தி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். "மழைக்கு மண்ணு பூரா அடிச்சிக்கிட்டுப் போகுது, இவருக்குக் குதிரை கேக்குது" என்று சொல்லிச் சரிவுக்குக் குறுக்கே வரிவரியாகக் கோடு இழுத்தாள். மேலே எங்கள் நிலத்தில் தொடங்கியவள் கீழே உன் நிலம் வரை இழுத்துவிட்டுத்தான் நிறுத்தினாள். பூட்ஸம்மா அதற்குக் கைதட்டினார். குதிரையும் நன்றாகத்தான் வந்திருந்தது.

அந்தக் கோடுகள் எல்லாம் பள்ளங்கள். சரிவில் ஓடுகிற மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குபவை. மட்டம் பிசகினால் வீண், ட்யூப் வைத்துப் பாருங்கள் என்றார் பூட்ஸம்மா. எனக்கெதற்கு ட்யூப்? என் கண்ணே மட்டப்பலகை. ஒற்றை ஆளாக, மண்வெட்டியில் புகை வரும் வேகத்தில் வெட்டினேன். (சித்தியும் பக்கத்து வீட்டாரும் கொஞ்சம் கை கொடுத்தார்கள்.) அன்று சாயங்காலமே மழை. தண்ணீர் பள்ளத்தில் நின்றால்தானே? ஊர்வலம் மாதிரி வரிசையாக நடந்து நேரே எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது. சித்தி மேடைமேல் ஏறி நின்றுகொண்டு, "உங்க கண்ணு மட்டம் அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு, உக்காரச் சொல்லட்டுமா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவளால் இறங்கவே முடியவில்லை.

மறுநாள் ட்யூப்தான். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான ட்யூப், அதில் தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிற இடம் பார்த்துக் குச்சி நட வேண்டும். ஒரு முனை சித்தி, மறுமுனை நான். "கொஞ்சம் கீழ... இன்னும் கீழ... ஐயோ, அசையாதீங்க!" கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி நான் அசையாமல் நின்றது இதுதான் முதல் தடவை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் பள்ளத்தில் குளம் போல் நின்றது. எங்கள் ஆட்டைவிட நல்ல பிள்ளையாக நின்றது. கரையில் புல் நட்டிருக்கிறோம், சாணமும் சருகும் எருக்குழிக்குப் போகின்றன.

இப்போது உன் விஷயம். உன்னைக் கேட்காமல் உன் நிலத்திலும் பள்ளம் எடுத்துவிட்டோம். எங்கள் மண்ணை மட்டும் காப்பாற்றிவிட்டு உன்னுடையது கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சித்தி பிடிவாதம் பிடித்தாள். மக்காச்சோளமும் இடையில் அவரை விதையும் போட்டோம். கல்தான் விளையும் என்றாயே, அங்கே சோளம் என் தலைக்கு மேல் நிற்கிறது. சரி, தோளுக்கு.

அதற்குள் சூளைக்காரர் வந்தார். பயிருக்குள் பள்ளம் இருப்பது தெரியாமல் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். தூக்கிவிடும்போது, இதில் மலைப்பாம்பு ஒன்று குடியிருக்கிறது என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். நான் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் சித்தி, "முழங்கால்தான் நனைஞ்சுது, சைக்கிள்லதான் போனாரு, ஒழுங்கா எழுதுங்க" என்கிறாள்.

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை, உன்னைத் திரும்பக் கேட்பார். மேல்மண்ணை ஒருமுறை சுரண்டிவிட்டால் உன் ஆயுளில் அது திரும்பி வராது என்கிறார் பூட்ஸம்மா. மகளே, இந்த ஒன்றில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

நிலம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. கொடுப்பதானாலும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுக் கொடு. கதிர் வைக்கத் தொடங்கியிருக்கிறது. உன் நிலத்து முதல் வரிசையை நீ வந்து ஒடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்பது சித்தியின் கட்டளை. கேட்காமல் வெட்டியதற்குத் திட்ட வேண்டுமென்றால் அதையும் நேரிலேயே வந்து திட்டு. கடிதத்தில் திட்டினால் எனக்கு உறைக்காது.

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். அதில் இந்த ஆண்டுக் கதிர் முற்றும் முன் கொஞ்ச நாள் இங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரப்பில் காவல் நிற்கும்
சித்தப்பா