வலிக்காத இடம்

11 மார்ச் 2025, செவ்வாய்
மூன்று மாதச் சர்க்கரை 9.8. இன்சுலின் தொடங்கிய வருடம் ஏழுக்கு இறங்கியது, பிறகு ஏறிக்கொண்டே போகிறது. ஆறு வருடமாகக் காலையும் மாலையும் நான்தான் என் வீட்டுக்காரருக்கு ஊசி போடுகிறேன். ஒரு வேளை தவறியதில்லை. டாக்டர் மறுபடியும் அளவைக் கூட்டிவிட்டார். மருந்து பழகிப்போய்விட்டதா? கிடையாது, இவர் வாய்தான் காரணம். ஓட்டுகிற பஸ்ஸை வழியில் நிறுத்திவிட்டு, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சீனியும் கடலையும் வைத்த அப்பம் பாலிக் தின்றுவிட்டு வருகிறார். கேட்டால், "தொடவே இல்ல லா, லோகா." பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

14 மார்ச், வெள்ளி
கற்பூரம் ஏற்றி, இனிப்பைத் தொடுவதில்லை என்று அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். அப்போதும் நம்பவில்லை நான்.

2 ஏப்ரல்
ஊசி போடும் நேரம் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. தொப்புளுக்கு வலப்பக்கம், எப்போதும் அதே இடம். "அங்கதான் வலிக்கல" என்பார். பாவம், வலியாவது இல்லாமல் இருக்கட்டும். தொப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. அதுவும் அப்பம் பாலிக்தான்.

19 ஜூன், வியாழன்
வலது கண்ணுக்குள் ரத்தக் கசிவு. இனி ஃபேக்டரி பஸ் ஓட்டக்கூடாதாம். இருபத்தாறு வருட வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில் என் வாய் சும்மா இருந்ததா? "பொய்ச் சத்தியம் பண்ணா கண்ணு அவிஞ்சி போகும். பாத்தீங்களா?" என்றேன்.

20 ஜூன்
ஏன் சொன்னேன்?

8 ஜூலை, செவ்வாய்
கிளினிக்கில் புது நர்ஸ், ரோஹானா மிஸ்ஸி. ஊசி எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டாள். பெருமையாகக் காட்டினேன். அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒரே இடத்தில் குத்திக் குத்திச் சதை தடித்துக் கட்டியாகிவிட்டதாம். அங்கே போடும் மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராதாம். அதனால்தான் வலியும் இல்லையாம்.

ஆறு வருடம் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. யாரும் என்ன யாரும்? தினம் இரண்டு வேளை தொட்டவள் நான். ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் சிப்பில் மயிரிழைக் கீறலைக்கூடக் கண்டுபிடிக்கிற வேலை பார்ப்பவள்.

இனி தொடையில், இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். மருந்து இனி முழுதாகச் சேரும் என்பதால் அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

அப்போ அவர் ஒன்னுமே திங்கலையா? ஐயோ — நான் என்னவெல்லாம் பேசிட்டேன்.

14 அக்டோபர், செவ்வாய்
சர்க்கரை 7.4. கண் பார்வை திரும்பவில்லை. பஸ்ஸும் போனது போனதுதான்.

மன்னித்துவிடுங்கள் என்று இன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன். அவர், "சத்தியம் பண்ணதுக்கு அப்புறம் தாசேக் கெலுகோர்ல நடந்த கல்யாணத்துல ஒரு லட்டு சாப்பிட்டேன், லோகா. அதுக்குத்தான் கண்ணு போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஒரு லட்டு. நாலு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மாலை இடது தொடையில் ஊசியை வைத்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது. நீ போடு."