பூத்தண்ணீரில் கலந்தது

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

உன் அத்தான் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன், கை வரவில்லை. உன் அக்கா நன்றாக இருக்கிறாள், பயப்படாதே. அவள் நன்றாக இருப்பதில்தான் இப்போது சிக்கலே.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உன்னோடு பேசும்போது ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே கேட்கவைப்பவள் உன் அக்கா. நான் தனியாகப் பேசினால் சும்மா விடுவாளா? அதனால் வேலைக்கு வந்த கட்டிடத்தில், லிஃப்ட் மெஷின் இருக்கும் மாடி அறையில், கருவிப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கிரீஸ் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ உன் ஆராய்ச்சியைப் பற்றி எங்களுக்கு விளக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? எலுமிச்சை, ஆரஞ்சுப் பூக்களில் ஃபிளேவனாய்டு என்று ஏதோ இருக்கிறது, அது ரத்தக்குழாய்களை இளக்கலாம், அந்த வாசனையிலும் மனதை அமைதிப்படுத்தும் பொருள் இருக்கிறது என்றாய். கூடவே, இதையெல்லாம் கண்ணாடிக் குழாயிலும் எலிகளிடமும்தான் அதிகம் பார்த்திருக்கிறோம், மனிதர்களுக்கு மருந்து என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது என்றாய். எனக்கு எலி நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் அக்கா எலியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை மரத்தடியில் கிண்ணத்தோடு நின்றாள்.

பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்க ஆரம்பித்தவள், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "அதைப் போட்டா கால் வீங்குது. என் தங்கச்சி அவ்வளவு படிச்சுட்டு சும்மாவா சொல்வா?" என்றாள். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், அதற்கும் இன்னொரு டம்ளர் பூத்தண்ணீர்தான் குடித்தாள். லிஃப்ட் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுகிறார்கள். உன் அக்கா நின்றுபோனால் நான் யாரைக் கூப்பிடுவேன்? உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அதனால், காலையில் பூத்தண்ணீர் போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். "இப்பவாவது உங்களுக்குப் புத்தி வந்துச்சே" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். மாத்திரையைக் கரண்டிக் காம்பால் பொடித்து அதில் கலக்கினேன். பொடிக்கலாமா என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். பூத்தண்ணீரே கசக்கும், அந்தக் கசப்பில் இந்தக் கசப்பு தெரியவில்லை.

பிரஷர் இறங்கியது. கிளினிக் நர்ஸே ஆச்சரியப்பட்டாள். உன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. என் தங்கச்சி கண்டுபிடித்த பூ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பூவைப் பூவாகவே பறித்துவிட்டதால் இந்த முறை மரத்தில் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன், பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவை உனக்குத் தெரியும். உன் பட்டமளிப்பு விழாவுக்கு ரவிக்கை தைத்துத் தந்தவர். அவருக்கும் பிரஷர் உண்டு. உன் அக்கா தேறியதைக் கண்ணால் பார்த்தவர், தானும் பூத்தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். உன் அக்காவே தினமும் பூப் பறித்துக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் மாத்திரையை விட்டிருக்கமாட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் பாதியில் நின்றது. பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். வலது கை எழும்பவில்லை, பேச்சும் குழறுகிறது. மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று டாக்டர் அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

உன் அக்கா தினமும் ஃபிளாஸ்கில் பூத்தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். கொடுக்கக் கூடாது என்று அங்கே தடுத்தார்கள். "இது உள்ள போனாத்தான் எழுந்து உட்காருவா. என்னைப் பாருங்க, நான் தேறலையா?" என்று சண்டை போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

நாளைக் காலையில் சொல்லிவிடப் போகிறேன். அதற்குப் பிறகு என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டாள். கோபத்தில் மாத்திரையே வேண்டாம் என்று மறுபடி விட்டுவிடுவாளோ என்பதுதான் என் பயம். நீ சொன்னால் கேட்பாள். உன் பூவால் என்ன முடியும், எது முடியாது என்று உன் கையால் எழுது. பூவைக் குறைத்துச் சொல்லாதே. அவளுக்கு அது பூ இல்லை, நீ. வாசனைக்குத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள், மாத்திரையை மட்டும் விடாதே என்று சொல். தையல்காரம்மாவுக்கு வந்தது உன்னாலோ அக்காவாலோ இல்லை, அத்தானால்தான் என்றும் எழுது. அதை எழுதத் தயங்காதே.

உன் வேலை நல்லபடியாக நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. எலிகளை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அத்தான்

மறுநாள் காலை எழுதுவது:

தபாலில் போடுவதற்குள் இதையும் சேர்த்துவிடுகிறேன். இன்று மாத்திரையைக் கலக்காமல் டம்ளர் பக்கத்தில் முழுதாக வைத்தேன். ஒரு வாய் குடித்தவள், "என்னங்க, இன்னிக்குக் கசப்பு கம்மியா இருக்கு?" என்றாள். சொல்லிவிட்டேன், தையல்காரம்மா மாத்திரையை விட்டது வரைக்கும்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஃபிளாஸ்கில் இருந்ததை மரத்தடியில் கொட்டினாள், கழுவினாள், வெறும் வெந்நீரை ஊற்றி மூடினாள். வைத்த மாத்திரையைத் தொடாமல், அட்டையிலிருந்து தானே ஒன்றைப் பிரித்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று விழுங்கினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள், அந்த மகளிடம் தானே சொல்லப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினாள்.

அவளுக்கு நான் போட்டுவைத்த டீ மேசையில் ஆறிப்போய் அப்படியே இருக்கிறது. சீக்கிரம் எழுதம்மா.