காப்பி பிடித்த இடம்

நாள் 211, காலை 06:00
காற்று சரி. தண்ணீர் சரி. ஒன்பது பேரும் தூக்கம்.

இதைப் படிப்பவர்களுக்கு: நான் அழகுநாச்சி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. மூத்த பேரன் கலெக்டர். அடுத்தவன் கப்பல் கட்டும் எஞ்சினியர். கடைக்குட்டி பூங்கோதைதான் இந்தத் தூக்க மருந்தைக் கண்டுபிடித்தவள். உடம்பு உழைத்து மிஞ்சும் அடினோசின், செல்லின் மேல்தோலில் உள்ள ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தால் தூக்கம் வருமாம். மருந்தும் அதே இடத்தில் உட்காரும், மாதக்கணக்கில் எழுந்திருக்காது. என் செல்லில் அந்த இடம் பிறவியிலேயே கோணல், மருந்து ஒட்டாது. அதனால்தான் இந்த விண்கலத்தில் காவலுக்கு நான்.

நாள் 212, மாலை 16:20
காலையில் தண்ணீர்ப் பம்பு நின்றது. தூத்துக்குடி அமலதாசை எழுப்பினேன்; ரத்தத்தை வடிகட்டி மருந்தை இறக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. சரிசெய்துவிட்டார். இங்கே காற்று ஓர் ஆள் விழித்திருக்கத்தான் கணக்கு. அவர் திரும்பத் தூங்கியாக வேண்டும்.

எழுந்தவருக்குத் தண்ணீர் மட்டும் என்பது விதி. பிள்ளை குளிரில் நடுங்குகிறது, வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? என் பங்கில் இரண்டு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தேன். கலெக்டர் பேரனை வைத்துக்கொண்டு சீனியில் இவ்வளவு கஞ்சமா ஆச்சி என்று கேலி செய்தார்.

18:40
மருந்து ஏற்றியாயிற்று. தூக்கம் வரவில்லை. பூமிக்குச் சொன்னேன்.

19:30. பூமியிலிருந்து:
"அப்பத்தா, மருந்து ஏன் பிடிக்கலன்னு தெரியல. காப்பி ஏதும் குடிச்சாரா? பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரி காப்பி அங்க ஒக்காந்துக்கும். குடிச்சிருந்தா ஒண்ணும் பண்ண வேணாம், விடியிற வரைக்கும் காத்திரு, காற்று தாங்கும். பெரிய ஆளுங்க எல்லாரும் பக்கத்துல நிக்கிறாங்க. எங்க அப்பத்தா சொன்னா சொன்னதுதான்னு சொல்லியிருக்கேன்."

அத்தனை பேர் முன்னால் அவள் தலை குனிய வேண்டுமா? ஒரு காப்பிக்கு என்ன ஆகிவிடும்?

'தண்ணீர் மட்டும்' என்று அனுப்பினேன்.

20:25. பூமியிலிருந்து:
"அப்போ ரெண்டு மடங்கு குடு."

கொடுத்தேன்.

நாள் 213, 02:50
தூங்கிவிட்டார். எங்கள் குலசாமி பாண்டியம்மா காப்பாற்றினாள்.

03:15
நாடி குறைகிறது. காப்பி எழுந்துபோகிறது. காத்திருந்த மருந்து மொத்தமாய் உட்காருகிறது.

03:22
பூமிக்குச் சொல்லிப் பதில் வர நேரமில்லை. வடிகட்டி இறக்கவும் நேரமில்லை. காப்பிதான் மாற்று. வாயில் ஊற்றுகிறேன். இறங்கவில்லை. கடைவாயில் வழிகிறது. எழுந்திரு சாமி

03:40
நாடி இல்லை.

06:00
காற்று சரி. தண்ணீர் சரி. எட்டுப் பேர் தூக்கம்.

அவர் வாயைத் துடைத்தேன். சட்டையில் இருந்த கறையையும் துடைத்தேன். அதை ஏன் துடைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

07:10. பூமியிலிருந்து:
"நீ அழாத அப்பத்தா. அளவு சொன்னது நான். என் மருந்து, என் தப்பு. எழுதிக் குடுத்துட்டேன். இனிமே என்னை லேபுக்குள்ள விட மாட்டாங்க."

07:30
சொல்ல உட்கார்ந்தேன். 'காப்பி' என்று அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன்.

08:05. பூமிக்கு:
"கண்ணு, நான் நல்லா இருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடு. உன்னோட புதுப் போட்டோ ஒண்ணு போட்டு விடு."