சத்தமில்லாத கோ-கோ

என் தனம் அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. போன இடத்தில் தண்ணீர் வண்டிக்குக் காத்து நிற்கிற வேலையாவது இல்லாமல் இருக்கட்டும். இங்கே அதே கதைதான். வாரத்தில் இரண்டு நாள் வண்டி வருகிறது, வருகிற இரண்டு நாளும் சண்டை வருகிறது.

இந்தக் கடிதத்தைப் பம்பு ஹவுஸ் சுவரில் ஒட்டப் போகிறேன். கோ-கோ ஆடுகிறவர்கள் பேரை எழுதி, பின்னால் சோற்றைத் தேய்த்து நீ ஒட்டுவாயே, அதே இடத்தில். மேல் லைன் வீட்டுக்காரர்களும் கீழ் லைன் வீட்டுக்காரர்களும் படிக்கட்டும். உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம் அக்கா. நீ திருப்பி ஒரு கேள்வி கேட்க மாட்டாய். அவர்கள் கேட்பார்கள்.

முதலில் சேதி. போன புதன்கிழமை வண்டிப் பைப்பை இழுத்ததில் கீழ் லைன் ராணியின் நெற்றி பிளந்து நான்கு தையல். இழுத்தது நம் மேல் லைன்தான். யார் என்று கேட்காதே, எல்லோர் கையும் அந்தப் பைப்பில் இருந்தது. என் கையும் இருந்தது. ராணி ரத்தத்தோடு நின்று, "அந்தம்மா இருந்தா இப்டி நடக்குமாடி?" என்று உன்னைச் சொல்லிக் கத்தினாள். அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

வண்டி எந்த லைனில் முதலில் நிற்பது என்பதை நீ இருந்தவரை கோ-கோ ஆட்டம் முடிவு செய்தது. என்னோடு வேலைக்குப் பெங்களூர் ரயிலில் வருகிற பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தங்க மைன்ஸ் மண் கொட்டிய சயனைடு மேட்டுக்குக் கீழே உள்ள திடலில், இரண்டு லைன் பெண்களும் ஆட வேண்டியது. ஜெயித்த லைனுக்கு அந்த மாதம் முழுக்க வண்டி முதலில். தோற்ற லைன் வாயை மூடிக்கொண்டு இரண்டாவது பிடிக்கும். நைட்டி மேலே துண்டைக் கட்டிக்கொண்டு நாம் ஓடியதைப் பார்த்து ஆம்பளைகள் "கெழவிங்க ஒலிம்பிக்கு" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டுமே! ஆட்டம் வைத்து வண்டி பிடித்த மூன்று வருஷத்தில் ஒரு குடம் நசுங்கவில்லை.

அதிலும் நம்முடையது சத்தமில்லாத கோ-கோ. மற்ற இடங்களில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துரத்துகிறவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு "கோ" என்று கத்தினால், உட்கார்ந்தவள் எழுந்து ஓடுவாள். நம் லைனில் கத்தக் கூடாது. நைட் ஷிஃப்ட் முடித்து சுரங்க ஷாஃப்டிலிருந்து ஏறி வந்தவர்கள் பகலில் தூங்குவார்களே, அவர்களுக்காக வந்த வழக்கம் அது. மைன்ஸ் மூடியாகிவிட்டது. இப்போது பெங்களூரில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்குகிறார்கள், அதனால் வழக்கம் போகவில்லை. "கோ" கிடையாது, விசில் கிடையாது. உள்ளங்கை முழுசாக முதுகில் ஒரு தட்டு. அது விழுந்தால்தான் எழுந்திருக்கலாம். தப்பாட்டம் என்றால் அம்பயர் நீ சிவப்புத் துண்டைத் தூக்குவாய்.

ஆட்டம் பழகும் நாளில் இரண்டு லைனையும் கலந்து உட்கார வைப்பாய். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், ஈரமாக இருந்தால் ராணி கை, சொரசொரவென்று இருந்தால் தையல் மிஷின் ஓட்டுகிறவள் கை. "முதுவத் தொட்டவ கொடத்த ஒதைக்க மாட்டாடி" என்பாய். அது நிஜம் அக்கா. வண்டி வந்தால் ராணியே எனக்குக் குடம் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அந்தக் கடைசி ஆட்டம். நம் லைன் துரத்துகிற முறை. ராணி ஒருத்திதான் மிச்சம், அவளைப் பிடித்தால் ஜெயம். அவள் என் எதிரிலேயே வளைந்து ஓடினாள். எனக்குப் பின்னால் நம் ஆள் ஓடி வருகிற காலடி கேட்டது. எழுந்தேன், பிடித்தேன். திரும்பினால் நீ துண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய்.

"தட்டு வுழல கௌதமி. நீ முன்னாடியே எழுந்துட்ட."

"வுழுந்துச்சுக்கா. என் முதுவு எனக்குத் தெரியாதா?"

"வுழல."

நீயும் மேல் லைன்தானே. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர்தானே. நம்ம ஆளே நம்மைத் தோற்கடிக்கிறாளே என்று, சத்தமே போடக் கூடாத திடலில் தொண்டை கிழியக் கத்தினேன். "உனக்கு இன்னா போச்சு? கழுவி வுட புள்ளயா குட்டியா? ரெண்டு கொடம் போதும் உனக்கு!"

நீ துண்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாய். மூன்று தடவை வயிற்றில் தங்காமல் போனதைச் சொல்லி என் மடியில் நீ அழுதாயே, அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இல்லையா? இருந்தது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். பாவி, தெரிந்தேதான் சொன்னேன்.

மூன்று வாரம் பேசவில்லை. புத்த பூர்ணிமைக்கு என் வீட்டுப் பாயசம் உன் வீட்டுக்கு வராமல் போனது இந்த வருஷம்தான். நீ பாயசத்துக்குத் தூக்குச் சட்டியை வாசலில் கழுவி வைத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் வீட்டுக்காரர் முனிசாமி அண்ணன், பேத்தமங்களாவில் அவருடைய அக்கா பேத்திக்குக் காது குத்துகிறார்கள் என்று போயிருந்தார். அன்றைக்கு வண்டி வருகிற நாள், அதனால் நீ அவரோடு போகவில்லை. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தரம். கொஞ்சம் விட்டு இரண்டு தரம்.

லைன் வீட்டில் சுவரைத் தட்டினால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஆள் தூங்குது, சத்தத்தைக் குறை. புதுசாகக் கல்யாணமாகி வந்த வாரத்திலேயே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் நீ. உன் வீட்டில்தான் அன்றைக்குத் தூங்குவதற்கு ஆளே இல்லையே, அதையாவது நான் யோசித்திருக்கக் கூடாதா? யோசிக்கவில்லை. துண்டைத் தூக்கியது போதாதென்று வீட்டுக்குள்ளும் என்னை அடக்குகிறாளா என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

இன்னொரு தட்டு விழுந்தது, மெதுவாக. அதற்குமேல் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் அக்கா.

நாலு மணிக்கு அண்ணன் வந்து அலறினார். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்தாய், கை சுவர் பக்கம் நீண்டிருந்தது. கோலார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் உன் தலை என் மடியில்தான் இருந்தது. அங்கே டாக்டர், "கொஞ்சம் முன்னாடி" என்று ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அழுத அழுகையைப் பார்த்து, கூடப் பிறந்தவள்கூட இப்படி அழமாட்டாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"செவுரு ஒன்னுதானேம்மா. அவ கொரலு கிரலு குடுக்கலியா?"

"இல்லண்ணா. ஒன்னுமே கேக்கல."

"அதானே. கேட்டிருந்தா நீ ஓடியாந்திருப்ப, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார்.

விழாத தட்டை விழுந்தது என்று ஊர் கூடிய இடத்தில் சாதித்தேன். விழுந்த தட்டை விழவில்லை என்று அந்த மனுஷனிடம் சொன்னேன். இப்படி ஒருத்தியை எங்காவது பார்த்திருக்கிறாயா?

அன்றிலிருந்து ரயிலுக்கு ஓடுவதற்கு முன்னால் அண்ணன் டிரம்மை நான்தான் நிரப்புகிறேன். "பெத்த புள்ள மாதிரி பாத்துக்கறம்மா" என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்க என்னால் முடியவில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டுவிட்டேன். ரயிலில் யார் பையாவது முதுகில் இடித்தால் சட்டென்று எழுந்துவிடுகிறேன், அதற்குள் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுகிறாள். "இன்னா ஆன்ட்டி, சீட்டு வேணாமா?" என்று கேட்கிறார்கள்.

ராணியைப் பார்க்கப் போனேன். தலையில் கட்டோடு பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஆட்டம் வைக்கலாம் என்றேன்.

"இன்னா வெளையாடறியா? அம்பயர் இல்லாத ஆட்டமா? நீ வுழுந்துச்சும்ப, நான் வுழலம்பேன். இன்னொரு நாலு தையல் போட நெத்தியில எடமில்லம்மா."

"முனிசாமி அண்ணன் துண்டு புடிச்சா?"

கரண்டியை நிறுத்தினாள். "அவரு புடிச்சா ரெண்டு லைனும் ஒத்துக்கும். அவருக்குத் தண்ணி மொண்டு ஊத்தற இல்ல, நீயே கேளேன். இன்னா பயம் உனக்கு?"

என்ன பயமா? வாயில் பொய்யை வைத்துக்கொண்டு உன் சிவப்புத் துண்டை அந்த மனுஷன் கையில் எப்படிக் கொடுப்பேன் அக்கா? உண்மையைச் சொன்னால் என் கைத் தண்ணீரை இனித் தொடுவாரா? தொடமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டால், இத்தனை வயதில் குடம் தூக்கி அவரும் எங்கேயாவது விழுந்து கிடப்பார். சொல்லாமல் இருந்தால் அம்பயர் இல்லை, ஆட்டம் இல்லை, அடுத்த புதன்கிழமை யார் நெற்றி என்று தெரியாது. இப்போதே இரண்டு லைனிலும் கதவு சாத்திய வீடுகள்தான். உள்ளே யார் சுவரைத் தட்டினாலும் யாருக்கும் கேட்கப் போவதில்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் மாட்டிக்கொள்கிறேன் அக்கா. ஒரு வழியும் தெரியவில்லை.

அதனால் எழுதிவிட்டேன். ராணி, கேட்டுக்கொள், அன்றைக்குத் தட்டு விழவில்லை. அக்கா சொன்னதுதான் சரி. நீங்கள் ஜெயித்தது நியாயமான ஜெயம். அண்ணா, சுவரில் சத்தம் கேட்டது. ஆறு தட்டு. எண்ணினேன், எண்ணிக்கொண்டே டிவி பார்த்தேன்.

சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் இதை அண்ணன் கையில் கொடுப்பேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பார். முடிக்கிறவரை வாசலிலேயே நிற்பேன். ரயில் போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திடலுக்குப் போவேன். மிச்சம் ஏழு பேர் வந்தாலும் வராவிட்டாலும் முதல் கட்டத்தில், லைன் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி, பார்க்க மாட்டேன். பின்னால் அண்ணன் நிற்கிறாரா, ராணி நிற்கிறாளா, ஒருத்தருமே இல்லையா, எனக்குத் தெரியாது. உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, தட்டு விழாமல் இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற
உன் தங்கச்சி,
கௌதமி