ஸ்கிரிப்ட் ஒதுக்கிய மழை

பக்கத்து வீட்டில் மிளகும் சீரகமும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சுகிறார்கள். எழுந்து போய் ஜன்னலை அடைத்தேன். அன்றைக்கு உன் கைப்பையிலும் இதே வாசனைதான்.

எண்பதுகளின் கடைசி. தென்காசியில் நம் மழைக்கணக்கு அலுவலகத்துக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்த புதிது. குற்றால மலைமேல் எஸ்டேட்டுகளிலிருந்து காலையில் போனில் வரும் மழையளவை நீ ஃபைலில் தட்டுவாய். பிறகு நீ எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை நான் ஓட்டுவேன். அந்தக் குட்டி நிரல் ஃபைலை வரிவரியாக டேட்டாபேஸில் ஏற்றும்.

ஒரு எஸ்டேட்டில் மழைமானி பார்க்கிற அண்ணாச்சி, அட்டைக்கடிக்குப் பயந்து நாலு நாள் அந்தப் பக்கமே போகமாட்டார். தேங்கியதை மொத்தமாக அளந்து ஒரே நாள் மழை என்று சொல்லிவிடுவார். உனக்குக் கோபம் வந்தது. அளவு மிஞ்சிய வரியை ஏற்றாமல் வேறொரு ஃபைலில் ஒதுக்கும்படி ஸ்கிரிப்டில் சேர்த்தாய். நல்ல யோசனைதான், நானும் மெச்சினேன்.

சாரல் சீசனில் ஒரு காலை. தென்காசியில் வெயில். ஸ்கிரிப்ட் அவருடைய வரியை ஒதுக்கியது.

"ஏட்டி, போன் போட்டுக் கேப்பமா?" என்றேன்.

"நாலு நாள் மழைய ஒரே நாள்ல கொட்டுதாரு மனுசன். குளிச்சிட்டு வந்து நானே கேட்டுக்கிடுதேன்" என்று சிரித்தாய். பெர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, கைப்பையில் எண்ணெய்ப் புட்டியோடு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாய்.

மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. பேரருவியில் திடீர் வெள்ளம், உன்னை இழுத்துப் போய்விட்டது என்று. ஆஸ்பத்திரியில் பார்த்தேன். உன் தலையில் எண்ணெய்கூட முழுசாகப் போகவில்லை. அடிப் பாவி, ஒரு போன்தானே!

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து அந்த அண்ணாச்சி மலையிறங்கி வந்தார். "அன்னைக்கு மட்டும் நெசமாவே அளந்தேம்மா. விடியக்காலைல அப்படிக் கொட்டிச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். திட்ட நினைத்திருந்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அந்த வரி ஏறியிருந்தாலும் அருவிக்குத் தகவல் சொல்ல நம்மிடம் ஏற்பாடு கிடையாது. போன் போட்டிருந்தால் நீ போகாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதான். எனக்கு அது போதுமே.

ஒதுக்கிய ஃபைலைத் திறந்து அந்த வரியை நானே ஏற்றினேன். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ கம்ப்யூட்டர். எந்த ஸ்கிரிப்ட் எந்த வரியை ஒதுக்கினாலும் உடனே போனை எடுத்துவிடுகிறேன். "தப்பா தட்டிட்டோம் மேடம், இதுக்குப் போயி போனா?" என்று சலித்துக்கொள்கிறார்கள். சலிக்கட்டும்.

கடைசியாக நீ தட்டிய எண் தப்பில்லை, ஏட்டி. அவ்வளவு மழையும் அன்றைக்குத்தான் பெய்தது.