வேலை கிடைத்தவர்கள் வராத வராந்தா

அம்மா,

இன்று காலை மருமகள் இரும்புப் பெட்டியைத் திறந்து கம்பளியை வெயிலில் போட்டாள். அந்துருண்டை வாசனை வந்தது. எனக்குக் கம்பளி ஞாபகம் வரவில்லை. நம் துறை அலமாரியில் நீங்கள் சுருட்டி வைத்திருந்த துணி மேப்புகள்தான் வந்தன. "ஒரு பேப்பர எடும்மா, மேடத்துக்கு ஒரு கடுதாசி சொல்றேன், எழுது" என்றேன். "செத்துப் போனவங்களுக்கா மாமா? எந்த வெலாசத்துக்கு?" என்று சிரித்தாள். ஆனாலும் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியாததா.

வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. மாவட்டத்தை அப்போது பிரிக்கவில்லை, நாம் இன்னும் விழுப்புரத்தில்தான் இருந்தோம். மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டு, கடலையெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துப் போன வருஷம். என் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த வருஷம்தான். காலேஜில் நம் வரலாற்றுத் துறையை மூடப் போகிறார்கள் என்ற பேச்சும் அப்போதுதான் வந்தது.

வேறு பாடம் கிடைக்காதவன் சேருகிற இடம் என்று ஊரில் நமக்குப் பேர். மேலிடத்திலிருந்து ஒரு குழு வரும், படிக்கிற பிள்ளைகளுக்குத் திருப்தியா, படித்து முடித்தவர்களுக்கு வேலையா என்று கேட்கும், பதில் சரியில்லையென்றால் அடுத்த வருஷம் சேர்க்கை கிடையாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். நீங்கள் பழைய பிள்ளைகளுக்கெல்லாம் கார்டு போட்டீர்கள். திரும்பி வந்தது கொஞ்சம்தான். அதிலும் பாதி, "இன்னும் வேலை இல்லை மேடம்."

நான் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு, "வராந்தாவுல பாருங்க அண்ணே. வருஷா வருஷம் அதே முகம். நடத்தைச் சான்று கேட்டு நிக்கறாங்க. நாம படிக்க வெச்சதுல ஒருத்தனும் உருப்படலையா?" என்றீர்கள்.

"வேலை இல்லாதவன்தாம்மா சான்று கேட்டு வரான். கெடச்சவன் எதுக்கு வரான்?"

நிமிர்ந்து பார்த்தீர்கள். "கெடச்சவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க. பஸ்ல போறேன், சந்தைக்குப் போறேன், தாலுகா ஆபீசு போறேன். டிக்கெட் கிழிக்கறது, சீல் குத்தறது எல்லாம் நம்ம பசங்கதான?"

மூன்று நாள் நான் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். எனக்குப் பெஞ்சு வரிசைதான் ஞாபகம். ஜன்னல் பெஞ்சில் முதல் ஆள் ரிஷிவந்தியத்துக்காரன், போலீஸ். பக்கத்தில் திருநாவலூர்ப் பிள்ளை, கிராம நிர்வாக அலுவலர். அவனுக்குப் பின்னால் மலையிலிருந்து வந்த ராமசாமி, வாத்தியார். ஒவ்வொரு பேருக்கும், "நீங்களே பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டு, சொன்னவர் பேரையும் சேர்த்தே எழுதினீர்கள். "யார் சொன்னதுன்னு இல்லாத சேதி பாதி சேதிதான் அண்ணே." வேலை இல்லாதவர்களையும் நீங்கள் மறைக்கவில்லை.

குழு என்று வந்தவர்கள் இரண்டு பேர். முதலில் வகுப்புக்குப் போய்த் திருப்தியா என்று கேட்டார்கள். மலையிலிருந்து வருகிற பெண் ஒருத்தி எழுந்தாள். "மூணு மணி பஸ்ஸ வுட்டா மலைக்கு வேற வண்டி இல்ல சார். கடைசி கிளாஸ மேடம் காலைக்கு மாத்திட்டாங்க. வேற இன்னா திருப்தி வேணும்?" வகுப்பே சிரித்தது. குழுவில் கண்ணாடி போட்டவர் மட்டும் சிரிக்கவில்லை.

பிரின்சிபால் அறையில் அவர் பட்டியலைப் புரட்டினார். "இதுக்கு இன்னா ஆதாரம்?"

"எங்க தண்ணிக்காரர் சொன்னது சார்."

"படிக்கத் தெரியாதவர் சொன்னத வெச்சா?"

நான் தண்ணீர்ச் செம்போடு அங்கேயே நின்றிருந்தேன் அம்மா. ஒரு பேர் தப்பாகிவிட்டாலும் போச்சு. அவர் ஒரு பேரின் மேல் விரலை வைத்தார். ராமசாமி. அவன் வேலை பார்க்கும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள்.

"நம்ம டிபார்ட்மென்டுலருந்தா? மேடத்துக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா சார்?" என்று ராமசாமி பதறினான்.

வேலை கிடைத்ததை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"ஸ்வீட்டோட ஒரு தபா வந்தேன் சார். என் செட்டு பசங்க வராந்தாவுல சான்றுக்கு நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க முன்னால எப்பிடி சார் டப்பாவத் தொறக்கறது? அப்பிடியே திரும்பிட்டேன். எல்லாருமே அப்பிடித்தான் சார்."

கண்ணாடிக்காரர் போனை வைத்துவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். துறை பிழைத்தது. அதற்கப்புறம் நீங்கள் ஒரு கட்டளை போட்டீர்கள். வேலை கிடைத்தவன் வந்தே ஆக வேண்டும். வராந்தாவில் நிற்கிறவர்களோடு உட்கார்ந்து, எந்தப் பரீட்சை, எப்படிப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். டப்பாவில் முதல் கை, நிற்கிறவர்களுடையது.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இந்த வருஷம் என் வீட்டுக்கே ஒருத்தர் வந்தார். "பெரியவரே, எல்லா சீட்டும் ரொம்பிப் போச்சாமே. எம்பொண்ணுக்கு ஒரு ஹிஸ்டரி சீட்டு, யார்கிட்டயாச்சும் சொல்லுங்களேன்." நான் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அன்று சாப்பாடு ஜாஸ்தியாகவே இறங்கியது.

போன வாரம் இப்போதைய துறைத் தலைவி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உங்கள் பட்டியலுக்கு அப்புறம் வந்தவர்களையும் சொல்லச் சொன்னார். பெஞ்சு பெஞ்சாகச் சொன்னேன். நான் போனால் அந்தப் பேரெல்லாம் என்னோடு போய்விடுமோ என்ற பயம் இப்போது இல்லை. அவர் எழுதி எடுத்துக்கொண்டாலும் பிள்ளைகள் யாரும் என்னுள்ளே பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"குழு வந்த அன்னிக்குப் பிரின்சிபால் ரூம்ல யார் யார் இருந்தீங்க?" என்று கேட்டார். பிரின்சிபால் முதலில் போய்ச் சேர்ந்தார். கண்ணாடிக்காரரும் கூட வந்தவரும் போய்விட்டார்களாம். அப்புறம் நீங்கள்.

"அப்ப இருக்கறது?" பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். இத்தனை வருஷமும் துறையில் எல்லோருக்கும் நான் அண்ணன்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை.

"கொளஞ்சி" என்றேன்.